வசதி மாதிரி

பெயர்களை அழிப்பது என் வேலை.
முதல் பக்கத்தில், அடிக்குறிப்பில்,
நன்றியுரையில் வரும் கணவரின் பெயர் வரைக்கும்.
கோப்பின் வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதையும்
தோண்டி எடுத்த பிறகுதான் மதிப்பாய்வுக்கு அனுப்புவேன்.
எழுதியவருக்கு வாசித்தவர் தெரியக்கூடாது,
வாசித்தவருக்கு எழுதியவர்.
இரண்டு பக்கமும் தெரிந்த ஒருத்தி
கின்சி வீதியில், இரண்டாம் மாடியில்,
சாய்ந்து சுற்றும் விசிறிக்குக் கீழே
பதினாறு வருடமாக இருக்கிறாள்.

இலக்கம் 0417.
கையெழுத்துப் பிரதி என்கிறோம்,
கையெழுத்தே இருக்கக்கூடாத பிரதியை.
புறக்கோட்டைப் புடவைக் கடைகளில்
விற்பனைக்கு நிற்கும் நூற்று நாற்பத்து மூன்று பெண்கள்.
காலை எட்டரை முதல் இரவு ஏழரை.
சிறுநீர்த் தொற்று எத்தனை பேருக்கு, எத்தனை தரம்.
நாலாம் அட்டவணையில் ஒரு கேள்வி:
வேலை நேரத்தில் எத்தனை கோப்பை தண்ணீர்?
எண் கேட்ட இடத்தில் அறுபத்தொரு பேர்
"வீட்டுக்குப் போய்" என்று சொல்லியிருந்தார்கள்.

முதலாம் மதிப்பாய்வாளர் நாலு வரி:
நல்ல முயற்சி, காற்புள்ளிகளைக் கவனிக்கவும்.
இரண்டாமவர் மூன்று பக்கம்.
ஒப்பீட்டுக் குழு எங்கே?
தண்ணீரை எதைக் கொண்டு அளந்தீர்கள்?
ஏன் இந்தத் தெரு? முதலாளி உள்ளே விட்ட
கடைகள் மட்டும்தானா?
கைக்குக் கிடைத்தவர்களைச் சேர்த்த ஆய்வுக்கு
ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
என் தலைக்குள் அது தமிழில் விழுந்தது:
வசதி மாதிரி.
மூன்று மாடி ஏறினாலும்
ஒரு வசதியும் இல்லாத கடைகளிலிருந்து
வசதி மாதிரி.
அறையில் யாரும் இல்லை, சிரித்துவிட்டேன்.

எழுதியவர் டொக்டர் பஸ்மினா.
மூன்று பக்கம் டொக்டர் குகபாலன்.
ஒரே ஆஸ்பத்திரி, ஒரே கன்ரீன் வாங்கு.
கருத்துகள் போய்ச் சேர்ந்த புதன்கிழமை
பிளேன்ரீ வாங்க நின்றபோது கேட்டது.
பஸ்மினா அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார்:
"எவனோ ஒருத்தன், சேர்.
புடவைக் கடை வாசலையே மிதிச்சிருக்க மாட்டான்.
தண்ணிய எதால அளந்தாய் எண்டு கேக்கிறான்."
குகபாலன் கடித்த ரோல்ஸை மெல்லாமல் வைத்திருந்தார்.
பிறகு, "சிலபேர் அப்பிடித்தான், பிள்ளை."
எனக்குச் சீனி சொல்ல மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முடிவு.
வருந்துகிறோம் என்று தொடங்கும் கடிதம்
என் கணினியில் நிரந்தரமாக இருக்கிறது.
இலக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும்.
வருந்துவது யார் என்று எழுத
அதில் இடம் விடவில்லை.

ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி.
"0417... ஆரெண்டு சொல்லாதேங்கோ. தெரியும்.
புதன்கிழமைதான் தெரிஞ்சது.
நான் எழுதினது சரி, ஒரு சொல்லும் மாத்த மாட்டன்.
அந்த நாலாம் அட்டவணை மட்டும்...
அதை எறிஞ்சு போடாமல் வைச்சிருக்கச் சொல்லி
ஆராவது சொல்லலாமோ?"
"ஏலாது, டொக்டர்."
"ஓம். ஏலாதுதான்."

கோட்டையில் பஸ் மாறாமல்
இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு நடந்தேன்.
பாவாடைத் துணி, இரண்டு மீற்றர்.
வெட்டிய பெண்ணுக்கு இருபது இருக்கும்,
பேச்சு மஸ்கெலியாப் பக்கம்.
கேட்கவா விடவா என்று நின்று, கேட்டேன்:
"தண்ணி குடிச்சீங்களா?"
தெருச் சத்தத்தில் பாதிதான் எட்டியிருக்க வேண்டும்.
கத்தரிக்கோலை வைத்துவிட்டு
மேசைக்கு அடியிலிருந்து தன் போத்தலை எடுத்து
என்னிடம் நீட்டினாள்.
"குடிங்க அக்கா. நான் வாய் வைக்கல,
காலையில புடிச்சதுதான்."

கழுத்துவரை நிறைந்திருந்தது.
மணி ஏழாகப் போகிறது.
குடித்தேன், வேறென்ன செய்ய.