நாலு அடி

கம்பெனி வேன் மாதனூரில் வந்து நின்றபோது
மணி ஆறு நாற்பது.
ஏறினேன். தாவணிக்காரி ஒருத்திக்கு வழிவிட இறங்கினேன்.
படிக்கும் தரைக்கும் நடுவில்
நேற்று இல்லாத ஒரு ஜல்லிக்கல்.
இடது பாதம் உள்பக்கம் மடங்க
அதன்மேல் உட்கார்ந்தேன்,
அறுபத்திரண்டு கிலோவும் சாப்பாட்டு டப்பாவுமாய்.

'இன்னாக்கா, இன்னா ஆச்சு?'
தில்ஷாத் கையைப் பிடித்தாள்.
ரசம் ரோட்டில் ஓடியது.
முதலில் வந்தது வலி இல்லை, வெட்கம்.
வலி அடுத்த வேனில் வந்தது.

ஆம்பூரில் ஷூ தைக்கிறேன், எட்டு வருஷம்.
கணுக்கால் உரசாமலிருக்க
காலருக்குள் ஸ்பான்ஜ் மடித்துத் தைப்பது என் மெஷின்.
ஷிஃப்டுக்கு முந்நூறு ஜோடி.
அங்கே கால் என்றால்
பச்சை பிளாஸ்டிக் அச்சு.
அதற்கு வீங்கத் தெரியாது.

என்னுடையதற்குத் தெரிந்தது.
கம்பெனி கேட் வருவதற்குள்
கணுக்கால் மொழி காணாமல் போய்
அந்த இடத்தில் ஒரு பணியாரம்.

ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் சலோமி சிஸ்டர்
எதையும் தடவவில்லை.
'எழுந்து நாலு அடி வை' என்றார்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் மேஜையைப் பிடிக்கப் போன கையை
அவர் கண் தட்டிவிட்டது.
நான்கு.
பிறகு அழுத்திப் பார்த்தார்:
மொழியின் பின் ஓரம், 'இங்க?' இல்லை.
உள்பக்கம், இல்லை.
சுண்டுவிரல் பக்கம் நடுப்பாதத்தில், இல்லை.
மொழிக்கு முன்னால், கொஞ்சம் கீழே, மெத்தென்ற குழியில்
விரல் வைத்ததும்
செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டேன்.

'எலும்புல வலிச்சிருந்தா,
இல்ல நாலு அடி வெக்க முடியாம போயிருந்தா
வேலூருக்கு எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருப்பேன்.
இது ஜவ்வு. இழுத்துக்கினு கீது.
ரெண்டு நாளைக்கு சுடுதண்ணி இல்ல,
தைலம் இல்ல, நீவுறது இல்ல.
வெரல் மரத்துப்போனா கட்டை அவிழ்த்துடு.'

வீட்டில் வேறு சட்டம்.
கொழுந்தன் புத்தூர் கட்டுக்குக் கார் பேசிவிட்டான்.
எதிர்வீட்டு அமலோற்பவம் உலக்கையோடு வந்தாள்.
மாமியார் கூட்டிவந்தது
காலால் பிறந்த பிளஸ் டூ பையனை,
'மூணு தடவ மெதிடா, சுளுக்கு ஓடிடும்.'
அவனுக்கு என்னைவிட வெட்கம்.
ஒரு சாண் மேலே காற்றை மூன்று முறை மிதித்துவிட்டு
பேட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.
எனக்கு வாய்த்த வைத்தியர்களில் அவன் நல்லவன்.

உறைந்த ஆவின் பாக்கெட்டை துப்பட்டாவில் சுற்றி
இருபது நிமிஷம் வைப்பேன்,
எடுப்பேன், மறுபடி உறைய வைப்பேன்.
தலையணை இரண்டின்மேல் கால்.
எட்டு வருஷத்தில் முதல்முறையாக
என்னைவிட உயரத்தில் என் கால் இருந்தது.
தினம் ஒரு நாள் சம்பளம்
அதன் அடியில் கரைந்தது.

மூன்றாம் நாள் கத்தரிப்பூ.
ஆறாம் நாள் பச்சை.
பத்தாம் நாள் பழுத்த வேப்பிலை மஞ்சள்,
அதுவும் இறங்கி
குதிகால் ஓரத்தில் கோடாக நின்றது.

பெருவிரலால் காற்றில் எழுது என்றிருந்தார் சிஸ்டர்.
ட சுலபம். ப சுலபம்.
அ-வின் சுழியில் வலி உட்கார்ந்திருந்தது.
பெண் பக்கத்தில் படுத்துக்கொண்டு
'அம்மா, ழ போடு' என்பாள்.
வராது.
'வாயிலயே எனக்கு வராதுடி,
கால்ல எப்படி வரும்?'

பதினேழாம் நாள் வேன் ஏறினேன்,
கம்பியைப் பிடித்து, கீழே பார்த்து.
கல் அங்கேயே இருந்தது.
இந்த முறை எட்டி உதைத்தேன், வலது காலால்.

மெஷினில் அன்றைக்கு நாற்பத்திரண்டாம் நம்பர், பழுப்பு நிறம்.
ஸ்பான்ஜை மடிக்கும்போது
கட்டைவிரல் தானாக அந்த இடத்தில் நின்றது:
மொழிக்கு முன்னால், கொஞ்சம் கீழே.
'இன்னா யோசன? லைன் நிக்குது' என்றார் சூப்பர்வைசர்.
'ஒண்ணுமில்ல சார்.'
தைத்தேன்.