காட்சி 31, ஷாட் 5

கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
கீழக்கரை ஸ்டுடியோவில் பில் போட்டுக்கொண்டிருந்த என்னை
நிலவுக்குக் கூட்டிப்போனார் கமருதீன்.
ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில்
எது மாறினாலும் நோட்டில் எழுத வேண்டும்.
நாளைக்கு முந்நூறு ரூபாய், மதியம் மீன் சோறு.

நிலவு வாலிநோக்கத்தில் இருந்தது.
குவித்த உப்பின் மேல் இரண்டு ஹாலஜன் விளக்கு.
அதனால் எல்லோருக்கும் இரண்டிரண்டு நிழல்.
எழுதினேன்.
நட்ட கொடி படபடத்தது.
நிலவில் காற்றில்லையே என்றேன்.
"அதைக் கச்சானிடம் போய்ச் சொல்லு" என்றார்.
அதையும் எழுதினேன்.
விண்கலம் வெடித்தால் சத்தம் கேட்காதாமே என்றதற்கு
"சத்தமில்லாத வெடிக்குச் சாயல்குடியில்
எவன் விசிலடிப்பான்?"

விண்வெளி வீரர் மூக்கையூர் இன்னாசி.
நீந்தத் தெரிந்தவனுக்கு மிதக்கவும் தெரியும் என்பது
கமருதீனின் விஞ்ஞானம்.
வெள்ளித் தார்ப்பாயில் தைத்த உடை,
பைக் ஹெல்மெட்,
முதுகில் மீன் வாடை போகாத தெர்மோகோல் பெட்டி.
கையுறைக்குப் பணம் எட்டவில்லை.
வெற்றிடத்தில் வெறுங்கை,
இடது மணிக்கட்டில் தங்க நிற வாட்ச்.
ஒரே நிமிடக் காட்சிக்குள் அதில்
ஒன்பது, பதினொன்றரை, மறுபடி ஒன்பதேகால்.

பூமியும் அவருடையதுதான்.
அவர் படகின் மிதவை ஒன்றை வாங்கி
போர்டு எழுதும் களஞ்சியம் நீலம் அடித்தார்.
ராமநாதபுரம் தெரிய வேண்டுமென்று
இந்தியாவைப் பெரிதாகப் போட்டதில்
இலங்கைக்கு இடமில்லை.
தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டோம்.
காற்று திரும்பினால் பூமியும் திரும்பிச் சுற்றியது.
ஷாட் மூன்றில் நரம்பு மினுங்குகிறது, பாருங்கள்.

காட்சி 31.
வீரர் பூமியைப் பார்த்து
மனைவி பெயரைச் சொல்லி அழ வேண்டும்.
ஷாட் நான்கு முடிந்தபோது ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது.
மீதி நாளைக்கு.
விடியுமுன் இன்னாசி கடலுக்குப் போனார்.

களஞ்சியம் விட்டுவிட்ட இடத்தில்
நாற்பத்தேழு நாள் இருந்துவிட்டு வந்தார்.
படகு வரவில்லை. வாட்ச் வரவில்லை.
தாடி வந்திருந்தது.
"போட்டு வந்தாத்தான் எடுப்பேன்.
ஓரியூருக்கு நேந்திருக்கேன்."

கமருதீன் கொஞ்ச நேரம் உப்பைக் காலால் கிளறினார்.
கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசச் சொன்னார்.
இறக்கினால் முகமிருக்கும் இடத்தில்
இரண்டு ஹாலஜன்.
சரி, ஏற்று என்றார்.

என் நோட்டில் அந்தப் பக்கம்:
ஷாட் 4, மழித்த முகம்.
ஷாட் 5, தாடி.
உடை தொளதொள.
வாட்ச் இல்லை.
வாட்ச் இருந்த வெள்ளைத் தடமும் கறுத்துவிட்டது.
வசனத்தில் ராகினி, சொன்னது சகாயராணி.
(படகு.)
பார்வை பூமியில் இல்லை.
கேமராவைத் தாண்டி வலப்பக்கம்.
அங்கே கடல்.
"ஒன்ஸ்மோர் போகலாமா?" என்று கேட்டேன்.
விளக்கு வாடகை எட்டு மணியோடு முடிந்திருந்தது.

சாயல்குடியில் படம் ஓடிய இரவு
வெடிக்கு விசில் பறந்தது.
ஷாட் ஐந்தில் எவனோ கத்தினான்:
"ஒரு வசனம் பேசுறதுக்குள்ள தாடியாடா!
நிலாவுல சலூன் இல்லையா?"
கொட்டகையே சிரித்தது.
மூன்றாவது பெஞ்சில்
எல்லோரையும்விடச் சத்தமாய் இன்னாசி சிரித்தார்.
இருமல் வரும்வரை.

மறுவாரம் பூமியைக் கேட்டு வந்தார்.
நரம்போடு கொடுத்தேன்.
இப்போது மச்சான் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார்,
அது அந்த வலையில் கிடக்கிறது.
உப்புத் தண்ணீர் ஆஸ்திரேலியாவைத் தின்றுவிட்டது.
போன முறை பார்த்தபோது
நீலம் உரிந்த இடத்தில்
சகாயராணியின் எண் வந்துகொண்டிருந்தது,
ஒரு பூஜ்யம், ஓர் எட்டு,
பாதி ஏழோ ஒன்றோ.