பதினேழு, இடமிருந்து வலம்

ஜீரோ கேட்டுக்கு இன்னும் நாற்பது ட்ரெய்லர்.
டில்லிபாபு வாரப் பத்திரிகையை
ஸ்டீயரிங்மேல் விரித்து வாசிக்கிறான்:
"ஆடுபவள் விரலில், அரசன் மோதிரத்தில்.
நாலெழுத்து."

சீல், என்றேன்.
"அது ரெண்டுதாண்ணே."

ரெண்டுதான்.
பின்கதவில் தொங்குகிறது, நம்பர் அடித்த போல்ட்டாக.
உள்ளே என்னவென்று எங்களுக்குத் தெரியாது.
தெரியாமலிருக்கத்தான் வாடகை.

அதே ரெண்டெழுத்து தேய்ந்துபோய்
எஞ்சினடியில் ஆயில் சொட்டுகிறது
முந்தாநாளிலிருந்து.
அதையேதான் வைத்துவிட்டுப் போனார்கள்
காலடிப்பேட்டையில் மச்சான் பட்டறைக்கு;
அவன் மூக்குக்கண்ணாடி உள்ளே மாட்டிக்கொண்டது,
நோட்டீஸை நான்தான் படித்துச் சொன்னேன்.

சின்னவள் பாடப்புத்தகத்தில்
அதற்கு மீசை இருக்கிறது.
கடல்நாயாம்.
"அஞ்செழுத்து," விரல்விட்டு எண்ணுகிறான் இவன்.
காசிமேட்டில் பிறந்தவன் நான்,
என் கடலில் அது ஒருநாளும் குரைத்ததில்லை.

"மேலேருந்து முருங்கை வருதுண்ணே. மு-ல ஆரம்பம்."

கேட்டில் ஒருவன் ஊதா மையில்
சீட்டின்மேல் ஓங்கிக் குத்துவான்,
பாதிதான் பதியும்,
வாயால் ஊதி மறுபடி குத்துவான்.
முத்திரை, என்றேன்.

மு, த், தி...
முன்வண்டி நகர்ந்துவிட்டது.
கடைசிக் கட்டத்தை அப்படியே விட்டுக் குதித்தவன்
பின்னால் போய்
போல்ட்டை ஒரு இழு இழுத்துப் பார்க்கிறான்.

"நம்பர் சரிண்ணே. போலாம்."