கசிவு

மூன்று நாள் ஓட்டாமல் நின்றால் செத்துப்போகும்.
சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்'.
அதோடு சரி.

பேட்டரி என்றான் வாச்சிக். அவன் பேட்டரி விற்கிறவன்.
டைனமோ என்றார் ருஸானின் கணவர்,
கீழே இறங்காமலே, மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து.
ருஸான் சொன்னாள்: விற்றுத் தொலை, ஷோகேர்,
நாற்பது வயது ஜிகுலிக்கு மருந்து கிடையாது,
மலர்வளையம்தான்.

எனக்கு வேலை கியூம்ரி தண்ணீர் வாரியத்தில்.
ஊர் தூங்கிய பிறகு
இரும்புக் கோலைத் தெருவில் ஊன்றி
மறுமுனையில் காதை வைப்பேன்.
யாரும் குழாய் திறக்காத இரண்டு மணிக்கும்
மீட்டர் சுற்றினால்
எங்கோ மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.
வால்வு வால்வாக மூடிக்கொண்டே போவோம்.
எதை மூடும்போது முள் படுக்கிறதோ
அந்தத் தெருவைத் தோண்டு.

இதையே காரிலும் செய்யலாம் என்று
எனக்குத் தோன்ற
இரண்டு குளிர்காலம் பிடித்தது.

ஞாயிறு. மைனஸ் பதினாறு.
பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி
இடையில் மல்டிமீட்டரை வைத்தேன்.
கதவுப் பொத்தானை டேப் போட்டு அமுக்கினேன்,
இல்லாவிட்டால் கூரை விளக்கும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.
எல்லாம் அணைந்த காரில்
0.41 ஆம்பியர்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
விரல்களில் உணர்வில்லை. இரண்டு, சீட்டுக்கடியில் உருண்டன.
எட்டாவதில் எண் சடாரென்று இறங்கியது: 0.01.
(மிச்சம் கடிகாரத்துடையது. குடிக்கட்டும்.
அப்படியும் பத்து நிமிடம் பின்னால்தான் ஓடுகிறது.)

எட்டாவதில் ஹாரன், சிகரெட் லைட்டர்,
பிறகு கையேட்டில் எண்ணெய்க்கறை மறைத்த ஏதோ ஒன்று.
ஃபியூஸைத் திரும்பச் செருகி
ஹாரனைப் பிரித்தேன். லைட்டரைப் பிரித்தேன்.
0.41 அப்படியே.

அலுத்துப்போய் டாஷ்போர்டில் கையூன்றி எழுந்தபோது
வலப்பக்கம் ஓரிடம் மட்டும்
சுடவில்லை, ஆனால் குளிரவும் இல்லை.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது.
திறந்தால் எரியத்தானே வேண்டும்?
மூடினால்?
திறக்காமல் எப்படிப் பார்ப்பது?
போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து
மூடி, பத்து வரை எண்ணினேன்.

படத்தில்: மூடி நெருங்குகிறது, என் கட்டைவிரல் மறைகிறது,
பிறகு பத்து நொடியும்
இன்ஷூரன்ஸ் தாள், ஒற்றைக் கையுறை, நாலு வாதுமைக் கொட்டை
கல்யாண வீட்டு வெளிச்சத்தில்.

கீலில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது.
மூடி இரண்டு மில்லிமீட்டர் தொங்கி
சுவிட்சைத் தொடாமலே இருந்திருக்கிறது.
பல்பைப் பிடுங்கிப் போடு, முடிந்தது என்றார் பால்கனிக்காரர்.
கசியும் தெருவுக்குத் தண்ணீரையே நிறுத்திவிட்டு
'சரிசெய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போடும் அதிகாரியை
எனக்குத் தெரியும்.
ஸ்க்ரூவை முடுக்கினேன். தீப்பெட்டி அட்டை, இரண்டு மடிப்பு.
மறுபடி வீடியோ.
முதல் நொடியிலேயே இருட்டு.
அந்த இருட்டை
இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

வியாழன் காலை ஒரே திருப்பில் உறுமியது.
வாச்சிக் கடை வாசலில் மெதுவாக்கி
ஹாரனை அழுத்தினேன்.

சத்தமே இல்லை.
திரும்ப மாட்டவில்லை.