காலி எடை

நசியனூர் ரோடு, மஞ்சள் சீசன்.
விடியுமுன்னே லாரிகள் ஒன்றன் வாலில் ஒன்று மூக்கை வைத்து நிற்கும்.
மேடையில் ஏறும். சீட்டுப் போடுவேன்.
மொத்த எடை, காலி எடை,
கழித்தால் சரக்கு.
இருபத்தேழு வருசமாய் எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

அச்சு முனகும் வண்டி தூரத்திலேயே தெரியும்.
"ஏனுங்க, இத்தனை ஏத்தலாமுங்களா?"
டிரைவர் பீடியை அணைத்துவிட்டுச் சொல்வான்:
"ஏத்தச் சொன்னது ஓனருங்க.
ஃபைன் கட்டறதுதான் நானு."

இன்றைக்கு ஆபீசுக்கு வெள்ளையடிக்க
அரச்சலூர் முகாமிலிருந்து ஒருவர் வந்தார். சிவநேசன்.
கூலி பேசலாமா என்று கேட்டேன்.
ஏணி உச்சியிலிருந்து,
"இந்தச் சுவரை முடிச்சிட்டு வாறன் அண்ணை,
பேந்து கதைப்பம்."

வண்டி நம்பரைத் தப்பாய் எழுதிவிட்டேன்.

எண்பத்தேழு. அணிவகுப்பில் கேட்டார்கள்:
தமிழ் தெரிஞ்சவன் யாரு?
கை தூக்கினேன்,
கோபி பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டவனுக்குக் காட்டுவது போல
அத்தனை லேசாய்.
தீபாவளிக்கு வீட்டில் இருக்கலாம் என்றார்கள்.
எந்தத் தீபாவளி என்று ஒருவனும் கேட்கவில்லை.
மூன்று போயிற்று.

ஒரே பாஷை, நடுவில் கொஞ்சம் தண்ணீர்.
டெல்லியில் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.
அவர்களைச் சொல்வானேன்,
சித்தோட்டுக்காரன் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

ஒரு வீட்டு வாசல். முருங்கை பூத்திருந்தது.
மகன் எங்கே போய்வருகிறான் என்று கேட்கச் சொன்னார் கேப்டன்.
தகப்பன் கையைத் துடைத்துக்கொண்டே,
"உள்ளுக்கு வாங்கோ, இருந்து கதைப்பம்" என்றார்.
எங்கள் பக்கத்தில் கதை விடுகிறவன் பொய்யன்.
என்ன சொல்கிறான் என்றார் கேப்டன்.
"கஹானி, சாப்."
ஒரே சொல். சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்.
காலையில்தான் ரெண்டு பேரைப் பறிகொடுத்திருந்த மனுசன்,
கதை கேட்கிற காதில்லை அவருக்கு.

மகனை ஏற்றிக்கொண்டு போன லாரி
பொழுது சாய காலியாய்த் திரும்பியது.
அதற்கு யாரும் சீட்டுப் போடவில்லை.

பத்து நாள் கழித்துக் கிணற்றடியில்
ஒரு சிறுமி இன்னொருத்தியிடம் கேட்டாள்:
"என்னடி கதைக்கிறாய், விளங்கேல்லை."
எனக்கு விளங்கியது.
வாளித் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு
வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தோம். துறைமுகத்தில் பேண்டு வாசித்தார்கள்,
கேட்கத்தான் ஆளில்லை.
போகும்போது தேன்மிட்டாய் வாங்கித் தந்த அங்கணன்
அதே டீக்கடையில் கேட்டார்:
"நம்ம ஆளுங்களையே சுட்டீங்களாமா?"
டீக்குக் காசு வாங்கவில்லை.
மரியாதையா, என் கைக்காசு வேண்டாமென்றா,
இன்றுவரை தெரியாது.
அனுப்பியவர்கள் ஓய்வு பெற்றுப் புத்தகம் எழுதினார்களாம்.
கெட்டி அட்டை. என்ன கனம் இருக்கும்?

மத்தியானம் லாரி இல்லை.
மேடை விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்தோம்.
உள்ளே திரையில்
எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு எண் ஓடியிருக்கும்.
"முந்தி என்ன வேலை அண்ணை?"
"பட்டாளமுங்க."
"எவடத்தில?"
"வடக்கே."
பொய்யில்லை. இந்த ஊரில் வடக்கு என்றால்
கம்பளி, பனி, பஞ்சாப் ரெஜிமெண்டு.
அவர் டம்ளரை ஊதினார்.
"நாங்களும் வடக்குத்தான்."

காங்கயத்து வண்டி ஹாரன் அடித்தது.
எழுந்து லுங்கியை உதறினார்.
"வேலை வந்திட்டுது. பேந்து கதைப்பம், என்ன?"

"ஓம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.
ஈரோட்டில் யாரும் ஆமாமை அப்படிச் சொல்வதில்லை.
ஏணியின் மூன்றாம் படியில் அவர் கால் நின்றது.
திரும்பிப் பார்க்கவில்லை.
தூரிகை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.