சங்கடம்

கம்பம்மெட்டு ஏறும்போது மணி ஐந்தே முக்கால்.
ஜீப்புக்குள் பதினாலு பேர்,
மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு,
சேலைக்கு மேல் புருஷன் சட்டை.
மார்கழிப் பனி கண்ணாடியை மூடிக்கொண்டு வருகிறது.

ஏதோ ஒரு வளைவில்
நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள்.
கழுத்து, காது, உச்சி மண்டை.
இட்லிச் சட்டி மூடியின் உள்பக்கம் போல
முகமெல்லாம் முத்து முத்தாய்.
துண்டை உருவுகிறேன், சட்டையைக் கழற்றுகிறேன்,
"தார்ப்பாயைச் சுருட்டுப்பா மாயி" என்கிறேன்.

"குளிருதுக்கா, கூறு இருக்கா உனக்கு?"
பாண்டிமீனாவுக்கு இருபத்தாறு வயசு.
அவள் மேல் தப்பில்லை.

கூறு இருந்தது.
போன புதன்கிழமை வரை இருந்தது.
தீப்பெட்டியை இடம் மாற்றி வைத்தான் என்று
கரண்டியை விட்டெறிந்தேன் மகன் மேல்.
அது சுவரில் பட்டு விழுந்தது.
அவன் சாப்பிடாமல் போனான்.
நான் குழாயடியில் உட்கார்ந்து
தண்ணீர் நின்ற பிறகும் அழுதேன்.
எதற்கென்று கேட்டிருந்தால்
குடம் நிறையவில்லை என்று சொல்லியிருப்பேன்.

எட்டு மாசம் நின்றிருந்தது.
தொலைந்தது சனியன் என்று
பழந்துணியெல்லாம் அடுப்பில் போட்டேன்.
ஐப்பசியில் திரும்பி வந்தது,
குடையை மறந்துவிட்டுப் போன விருந்தாளி மாதிரி.

காட்டில் ஏலச்செடித் தூரில் குந்தி
கரிங்காய் மட்டும் கிள்ள வேண்டும்.
இருபத்திரண்டு வருசமாய்க் கண்ணை மூடிக் கிள்ளுவேன்.
அன்றைக்கு வாளியைக் கவிழ்த்தால்
பாதி இளங்காய்.
பிஜு சத்தம் போட்டான், எப்போதும் போடுகிற சத்தம்தான்.
நான் சரத்தைப் பிடித்தபடியே
தேம்பத் தொடங்கிவிட்டேன்.
பயந்துபோய் அவனே என்னை
எஸ்டேட் ஆஸ்பத்திரியில் விட்டான்.

ஷைனி சிஸ்டர் கையில் பட்டை சுற்றினாள்,
காற்றடித்தாள், காற்றை விட்டாள்.
"சங்கடம் உண்டோ, சுருளியம்மா?"

சங்கடம்தான் சிஸ்டர்.
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மேலே பட்டுவிடுமோ என்று வேர்வை.
கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து ஓடினேன்.
ராத்திரி ஈரப் பாயைத் திருப்பிப் போடுகிறபோது
அவர் "என்னத்தைத் தேடுற?" என்கிறார்.

அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.
பிறகுதான் தெரிந்தது,
அவள் பக்கத்துச் சங்கடம் வேறு.
மலைக்கு அந்தப்புறம் அதற்குத் துக்கம் என்று பொருள்.
நான் கூச்சத்தைச் சொன்னேன்,
அவள் துக்கத்தை எழுதினாள்.
சீட்டைத் திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
சொல்லவில்லை.

"நோயில்ல இது," என்றாள்,
"பட்சே லேசும் இல்ல."
வியாழக்கிழமை கட்டப்பனையில் டாக்டரம்மாவைப் பார்க்கச் சீட்டு.
அதுவரை கணக்கு வைக்கச் சொன்னாள்.

காலண்டரில் கரித்துண்டால் வைக்கிறேன்.
வேர்வைக்குப் புள்ளி, அழுகைக்குக் கோடு,
கோபத்துக்கு என்ன போடுவதென்று தெரியாமல்
தேதியையே வட்டமிட்டுவிடுகிறேன்.
"பாலா, தண்ணிக் குடமா?" என்று கேட்டார் அவர்.
"என் கணக்கு" என்றேன்.
கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.
மறுநாள் கரித்துண்டுக்குப் பக்கத்தில்
ஒரு பென்சில் கிடந்தது.

இன்றைக்கு அதே வளைவு.
நான் வாயைத் திறக்குமுன்
முன்சீட்டிலிருந்து பவுன்தாய் குரல்:
"ஏலே மாயி, தார்ப்பாயைச் சுருட்டு. வேகுது."
பவுன்தாயா?
கம்பத்திலேயே அதட்டலுக்குப் பேர் போனவள்.
கதவோரத்தில் ஒச்சம்மாளும்
சத்தமில்லாமல் பித்தானைக் கழற்றுகிறாள்.

வண்டியை நிறுத்தி மாயி கயிற்றை அவிழ்த்தான்.
பனி மொத்தமாய் உள்ளே வந்தது.
பாண்டிமீனா திட்டிக்கொண்டே
எங்கள் மூன்று பேர் துண்டையும் வாங்கி
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுற்றிக்கொண்டாள்.