நானூற்றுப் பத்து கிராம்

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியது
பஞ்சு அடைத்த ஒரு துணிக்கிண்ணம்.
காயம் ஆறும்வரை இது போதும் என்றார்கள்.
காயத்துக்குப் போதும்.
டிராமுக்குப் போதவில்லை.

கைப்பிடியைத் தள்ளும்போதெல்லாம்
அது மெல்ல மெல்ல ஏறி
துறைமுக நிறுத்தம் வருவதற்குள்
கழுத்தெலும்பில் உட்கார்ந்திருக்கும்,
வேடிக்கை பார்க்க ஏறிய குழந்தை மாதிரி.
பக்கக் கண்ணாடி பயணிகளைப் பார்க்க வைத்தது.
அதில் என்னையே பார்த்துப் பார்த்து
இரண்டு முறை கதவை முன்னதாக மூடிவிட்டேன்.
ஒரு கிழவரின் குடை மாட்டிக்கொண்டது.
மன்னிப்புக் கேட்டேன், கழுத்தை மறைத்தபடி.

ஸெனோனிடம் சொன்னேன்.
பதில் சொல்லாமல் எழுந்துபோய்
நிலவறையிலிருந்து தூண்டில் பெட்டியோடு வந்தான்.
மாவு நிறுக்கும் தராசை மேசையில் வைத்து
"இருக்கிறதை வை" என்றான்.

இருபத்தொன்பது வருடக் கல்யாணத்தில்
இப்படி ஒரு காரியத்துக்கு நான் குனிந்ததில்லை.
தட்டு சில்லென்றிருந்தது. ஓரத்தில்
ஞாயிற்றுக்கிழமை மாவு கொஞ்சம்.
நெற்றியிலிருந்து மூக்குக்கண்ணாடியை இறக்கி
எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து
"நானூற்றுப் பத்து" என்றான்.

ஓட்ரா ஆற்றில் பிடித்த ஒரு மீனுக்கும்
இந்த மனிதன் சரியான எடை சொன்னதில்லை.
அன்று ஒரு கிராம் கூட்டவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது,
அப்புறம் அது சிரிப்பாக இல்லை.
அவன் தலை நிமிராமல்
ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்,
பெரிய மீனுக்கானது, சின்ன மீனுக்கானது.

பதினோரு குண்டு, மிச்சத்துக்குப் பனிவரகு.
நானே தைத்தேன்.
அது இறங்கியது, நின்றது.
வளைவில் டிராம் சாயும்போது
மற்றதோடு சேர்ந்து தானும் சாய்ந்தது.
பேட்ஜை இடது பையில் குத்தும்போது
ஊசி உள்ளே போனாலும் வலிக்கவில்லை.
ஒருநாள் வேண்டுமென்றே குத்திப் பார்த்தேன்.
இரண்டு வரகுமணி விழுந்து
மிதிகட்டைக்கு அடியில் உருண்டு போனது.

ஜூலையில் முப்பத்தாறு டிகிரி.
ஓட்டுநர் அறை ஜன்னல் பாதிதான் திறக்கும்.
கடைசி நிறுத்தத்தில் யாருமில்லை;
உருவி எடுத்து
சாவி மாட்டும் கொக்கியில் மாட்டினேன்.
சட்டைக்குள் காற்று வந்தது,
இடது பக்கம் மட்டும், தடையில்லாமல்.
அந்தச் சுகத்தில் எட்டு நிறுத்தம் ஓட்டினேன்.
ஷிப்ட் முடிந்து இறங்கி வீட்டுக்குப் போய்
சூப்பு சூடாக்கும்போதுதான் நினைவு வந்தது.

மறுநாள் டெப்போ வாசலில் காஸ்பர் நின்றிருந்தான்.
இருபத்துநாலு வயது, காதில் வளையம்.
செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினான்,
இரண்டு கையாலும்,
உடைந்துவிடும் என்று யாரோ சொன்ன மாதிரி.
"யாத்விகா அம்மா, உங்களுடையது" என்றான்.
காது வரைக்கும் சிவந்திருந்தது.
போகாமல் நின்றான்.
"நல்ல கனமா இருக்கு" என்றான்.
"மீன் பிடிக்க" என்றேன்.
தலையாட்டினான். நம்பியிருக்கலாம்.

இன்று காலை உடுத்தும்போது
அதைக் கட்டிலிலேயே விட்டேன்.
கொள்கை ஒன்றுமில்லை. வெயில்.
நாளை மழை என்கிறார்கள், பார்க்கலாம்.

சட்டையின் இடது பை உள்வாங்கிக் கிடக்கிறது.
இருபது வருடமாக மூக்குக்கண்ணாடிக் கூடு
அந்தப் பையில் உட்காராது,
முட்டிக்கொண்டு நிற்கும், குனிந்தால் விழும்.
இன்று வைத்தேன்.
தட்டையாக, பேசாமல் படுத்துக்கொண்டது.

ஆறாம் எண் வண்டி. நாலு ஐம்பதுக்கு முதல் மணி.